விளக்கெண்ணெய் குடித்த பூட்ஸ்

பந்தாட்டக்காரன் என்று தெரிந்ததும் யாராக இருந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எத்தினி கோல் போட்டிருக்க?" இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ஒரு கோலும் போட்டதில்லை. போட வேண்டியவனும் இல்லை. நான் பேக். போட வருகிறவனைத் தடுக்கிறவன். இதைச் சொன்னால், "ஓ, அப்படியா" என்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் பேச்சை மழைக்கோ மாட்டுக்கோ மாற்றிவிடுவார்கள். கோல் போட்டவன் கழுத்தில் மாலை விழும். தடுத்தவன் முழங்காலில் மண் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். ஆயிரம் தடுத்தாலும் ஒருத்தன் கண்ணிலும் நிற்காது. ஒன்றை விட்டுத் தொலைத்தால் அதை மட்டும் டீக்கடை டீக்கடையாகப் பேசுவார்கள். இப்படிப்பட்ட வேலையைத்தான் நான் கட்டிக்கொண்டு அழுதேன்.

புதுச்சேரியில் பழைய ஆட்கள் பேக்கை 'அரியேர்' என்பார்கள். பிரெஞ்சுக்காரன் விட்டுவிட்டுப் போன சொற்களில் அதுவும் ஒன்று. நான் மில் டீமில் இடது பக்கத்து அரியேர். எதிர் டீமின் ரைட் அவுட், அதாவது வலது ஓரமாகவே ஓடி வருகிறவன், அவன் என் பொறுப்பு.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய ஐம்பத்து நாலில்தான் நான் மில் வாசலுக்கு வந்து நின்றேன். எங்கள் ஊர் வில்லியனூர் ரோட்டில் மூலக்குளத்தையும் தாண்டி உள்ளே போக வேண்டும். அப்பாவுக்குப் பெரிய வீட்டுக் கழனியில் கவலை ஓட்டுகிற வேலை, மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பது. மாடு ரெண்டும் பள்ளத்தில் இறங்கினால் கிணற்றிலிருந்து தண்ணீர்ச் சால் மேலே வரும், பின்னால் ஏறினால் சால் உள்ளே போகும். பொழுது விடிந்ததிலிருந்து இதேதான். எனக்கு அது பிடிக்கவில்லை. மில்லில் வேலை கிடைத்தால் சங்கு ஊதினதும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வரலாம் என்று ஆசைப்பட்டு வந்தேன்.

வேலை கிடைத்தது. ஆனால் பதிலி வேலை. நிரந்தர ஆள் எவனாவது வராமல் போனால் அன்றைக்கு அவன் மெஷினில் நிற்கிறவன் பதிலி. காலையில் கேட்டுக்கு வெளியே கும்பலாக நிற்போம். சங்கு ஊதினதும் மேஸ்திரி வருவார். எங்கள் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். விரலை நீட்டுவார். நீட்டினால் அன்றைக்கு வேலை, நீட்டாவிட்டால் வந்த வழியே வீடு. மேஸ்திரியின் அந்த விரலை நான் சாமி சிலையைப் பார்ப்பதைவிட அதிகம் பார்த்திருக்கிறேன். நகத்தில் மஞ்சள் கறை இருக்கும்.

விரல் என் பக்கம் நீளாத ஒரு நாள் வீட்டுக்குப் போகவும் மனமில்லாமல் மில்லுக்குப் பின்னாலிருந்த கிரவுண்டில் போய் நின்றேன். அங்கே மில் டீம் பயிற்சி செய்துகொண்டிருந்தது. டீமைப் பார்த்துக்கொண்டவர் மில் ஆபீஸ் கிளார்க் ஒருவர். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோட்டோரமாகவே நடப்பார். அன்றைக்கு ஒரு ஆள் குறைந்ததோ என்னவோ, என்னைப் பார்த்து, "ஏய் தம்பி, சும்மா நிக்கறதுக்கு அங்க போய் நில்லு. வர்றவன வுடாத, அவ்ளோதான்" என்றார்.

நான் பந்தை அதுவரை காலால் தொட்டதே கிடையாது. ஆனால் வருகிறவனை விடாமல் பிடிப்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊர் சடுகுடுவில் நான் பிடிக்கிற ஆள். மூச்சுக் கட்டிப் பாடிக்கொண்டு வருகிறவனின் காலைப் பார்த்தால் ஏமாந்து போவோம். இடுப்பைப் பார்க்கணும். கால் பொய் சொல்லும், கை பொய் சொல்லும், இடுப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது. அன்றைக்கு என்னை நோக்கி வந்தவர்களின் இடுப்பை மட்டும் பார்த்தேன். எந்தப் பக்கம் திரும்புகிறார்களோ அந்தப் பக்கம் என் கால் விரல் பத்தும் மண்ணைக் கவ்விக்கொண்டு தயாராக நின்றது. ஒருத்தனும் தாண்டவில்லை. கிளார்க் குடையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். மறுநாள் காலை மேஸ்திரியின் விரல் முதலில் என் பக்கம் நீண்டது.

அப்புறம் ஆட்டம் உண்டு, வேலை உண்டு என்று ஆனது. ஆனால் பதிலிதான். டீமில் எங்கள் நாலைந்து பேருக்கு இதே கதை. கிளார்க் எங்களைக் கூட்டி வைத்துச் சொல்வார்: "பெரிய கூப்ப மட்டும் ஜெயிச்சுக் குடுங்கடா. உங்க அத்தன பேரையும் நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே தொரைகிட்டப் பேசறேன்." கோப்பையை அவர் கூப் என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை, அதுதான் வம்பு. பொய்யனாக இருந்திருந்தால் நான் எப்போதோ கவலை ஓட்டவே திரும்பிப் போயிருப்பேன்.

ஒவ்வொரு வருஷமும் கோப்பை கிட்ட வந்து கிட்ட வந்து போகும். எங்கள் ஃபார்வர்டுகள் கோல் வாசலில் நின்றுகொண்டு ஆகாசத்துக்கு அடிப்பார்கள். நான் இந்தக் கோடியில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். ஓடிப்போய் நாமே ஒரு உதை விடலாம் என்று கால் துடிக்கும். போகக் கூடாது. போனால் பின்னால் யார்? பேக்காக ஆடியவனுக்குத்தான் இந்த வயிற்றெரிச்சல் புரியும். ஜெயிப்பது நம் கையில் இல்லை. தோற்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

எனக்குப் பின்னால் நின்ற கோல்கீப்பர் வீராம்பட்டினத்து மீனவ வீட்டுப் பிள்ளை. கடலுக்குப் போகாமல் மில்லுக்கு வந்தவன். வாய் ஓயாது. "எங்க வூட்டுல வல நெறஞ்சா எங்கம்மா சிரிக்கும்டா. இங்க வல நெறஞ்சா ஊரே காறித் துப்புது. எந்த நேரத்துல கரையேறுனேனோ" என்பான். அவனும் பதிலி. அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, எனக்கு ஆகியிருந்தது. மில்லுக்குப் பக்கத்துத் தெருவில் ஒற்றை அறை வீடு. காலையில் என் மனைவி அடுப்பைப் பற்றவைக்காமல் வாசலிலேயே நிற்பாள். சங்கு ஊதிக் கொஞ்ச நேரம் கழித்தும் நான் திரும்பி வரவில்லை என்றால்தான் உலை வைப்பாள். "சங்கு சத்தம் கேட்டா ஊருக்கெல்லாம் மணி தெரியுது. எனக்கு இன்னிக்கு அரிசி போடலாமா வாணாமான்னு தெரியுது. இதெல்லாம் ஒரு பொழப்பாய்யா? எப்பதான் நெரந்தரம் பண்ணுவானுங்க?" என்பாள். "இந்த வருஷம் ஆயிடும்" என்பேன். எல்லா வருஷமும் இதைத்தான் சொன்னேன்.

ஊரில் அப்பாவோ கணக்கைப் போட்டே முடித்துவிட்டார். "எம்மவனுக்குப் பந்து ஒதைக்கறதுக்குன்னே மில்லுல நெரந்தரமா வேல குடுத்துருக்கான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. எப்படியும் ஆகப்போவதுதானே என்று இருந்துவிட்டேன். அவர் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. மாட்டை யாரிடம் விட்டுவிட்டு வருவது?

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பாழாய்ப்போன விதி வந்தது. அதுவரை எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் வெறுங்காலோடுதான் ஆடினோம். கணுக்காலில் ஒரு துணிக்கட்டு, அவ்வளவே. வெளியூர் டீமெல்லாம் வந்து ஆடத் தொடங்கியதும் கோப்பை நடத்துகிற கமிட்டியில் முடிவு செய்துவிட்டார்கள்: இனிமேல் பெரிய கோப்பையில் பூட்ஸ் போடாதவன் கிரவுண்டுக்குள் கால் வைக்கக் கூடாது. கிளார்க் இதைப் படித்துச் சொன்னபோது நான் சிரித்தேன். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மற்றவர்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

மில் செலவில் பூட்ஸ் வாங்கித் தந்தார்கள். காலைத் தரையில் வைக்கச் சொல்லி, சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டு அளவு எடுத்தார் கிளார்க். என் காலைச் சுற்றிப் போட்ட கோட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, வெத்தலைய விரிச்சி வெச்ச மாதிரி கீழ இவ்ளோ அகலம்?" என்றார். வெறுங்காலில் சேற்றிலும் வரப்பிலும் நடந்த கால் பின்னே எப்படி இருக்கும்? பட்டணத்திலிருந்து வந்த பூட்ஸ் அந்த அகலத்துக்கு இல்லை. விறைத்துப்போன தோல். முன்பக்கம் கட்டைபோல் கெட்டி. அடியில் தோலையே வட்டம் வட்டமாக வெட்டி அடுக்கி ஆணி அடித்திருந்தார்கள். அந்தக் குமிழ்கள்தான் தரையைப் பிடிக்க வேண்டும். என் விரல் பத்தும் செய்த வேலையை அந்தக் குமிழ்கள் செய்யுமாம்!

போட்டுக்கொண்டு ஓடிப் பார்த்தேன். குதிகால் உரிந்தது. சுண்டு விரல் செத்துப்போனது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பந்து என் காலில் படுவதே எனக்குத் தெரியவில்லை. மண் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரியவில்லை. வருகிறவனின் இடுப்பு திரும்புவது தெரிகிறது, மனசு திரும்புகிறது, கால் மட்டும் அந்த இடத்திலேயே நிற்கிறது. நேற்றுவரை என்னைக் கண்டால் பந்தைப் பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிட்டவர்கள் எல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கோல்கீப்பர் பின்னாலிருந்து, "மாப்ள, புதுப் பொண்ணு கணக்கா நடக்கறியே, இன்னும் கொஞ்சம் வெக்கப்படு!" என்று கத்தினான். வேறு சமயமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்றைக்கு அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். அப்புறம் ரெண்டு பேரும் கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். "பழகிடும்டா" என்றான். எனக்கு அழுகை வந்தது.

அந்த வருஷம் பார்த்துத்தான் எங்கள் ஃபார்வர்டுகளுக்கு நல்ல புத்தி வந்து கோல் மேல் கோலாகப் போட்டார்கள். சின்னச் சின்ன டீம்களையெல்லாம் தாண்டி ஃபைனலுக்கு வந்துவிட்டோம். நான் தட்டுத்தடுமாறித்தான் வந்தேன். நான் விட்டதையெல்லாம் கோல்கீப்பர் பிடித்தான். ஃபைனலில் எதிர் டீம் கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய ரைட் அவுட் ஒல்லியான ஆள், பள்ளிக்கூடத்திலிருந்தே பூட்ஸ் போட்டு ஆடியவன் என்று கேள்வி. அவன் என் பொறுப்பு. அவனைப் பிடித்தால் கோப்பை, கோப்பை வந்தால் நிரந்தரம்.

ஆட்டத்துக்கு முந்தின வாரம் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடையில் கத்திரிக்காய் கொண்டு வந்திருந்தார். நான் குதிகாலில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என்னவென்று கேட்டார். மூலையில் கிடந்த பூட்ஸைக் காட்டினேன். அவர் ஒன்றை எடுத்தார். மூக்கருகே வைத்து முகர்ந்தார். கட்டை விரலால் தோலை அமுக்கிப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன்டா, இது தோலாடா? எண்ணெயே காட்டாத தோல எவன்டா கால்ல மாட்டுவான்? கவலத் தோல இப்படிக் காயப்போட்டா ரெண்டே நாளுல பொளந்துக்கும். படிச்சவனுங்களுக்கு இதுகூடவா தெரியாது? குடு இங்க."

"யப்பா, செருப்புத் தைக்கறவருகிட்டக் குடுக்கலாம்னு பாக்கறேன்."

"எதுக்கு? நான் எத்தினி வருசமா தோலு பாக்கறேன்? ஊறப்போட்டு எடுத்தாந்தா வெண்ண மாதிரி இருக்கும். நீ கம்முனு இரு."

கவலைச் சாலின் அடியில் ஆள் நீளத்துக்குத் தோல் இருக்கும். அதன் வழியாகத்தான் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். அது நாள் பூராவும் நனைந்து காய்ந்து நனைந்து காயும். அப்பா அதை அவ்வப்போது கழற்றி, விளக்கெண்ணெயில் ஊறவைத்து, கையாலேயே பிசைந்து பிசைந்து பதம் பண்ணுவார். அவர் பார்க்கிற தோல் கிழிந்தது என்று ஊரில் பேச்சே கிடையாது. எனக்கு அவர் சொன்னது ரொம்பச் சரியாகப் பட்டது. என் மனைவிக்கும் சரியாகப் பட்டது. கழனியில் பிறந்து வளர்ந்த எவனைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பான். பூட்ஸைத் துண்டில் சுற்றிக் கத்திரிக்காய்க் கூடையில் வைத்துக்கொண்டு போனார்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் திரும்பக் கொண்டு வந்தார். எனக்கு அடையாளமே தெரியவில்லை. கறுத்து, பளபளவென்று, தொட்டால் குழைகிறது. காலை விட்டேன். கால் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. சுண்டு விரல் வலிக்கவில்லை. அறைக்குள்ளேயே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தேன். மடங்குகிறது, நிமிர்கிறது. வீடு முழுக்க விளக்கெண்ணெய் நாற்றம். என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு மாட்ட உன் சித்தப்பன் பாத்துக்கறேன்னுட்டான். நானும் ஆட்டம் பாக்க வரேன்" என்றார். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைப்பானேன். நிரந்தரம் ஆகிவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

ஆட்டத்தன்று காலையில் ஒரு மழை பெய்து விட்டிருந்தது. கிரவுண்டு நசநசவென்று இருந்தது. கயிற்றுக்கு வெளியே ஜனங்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அப்பா வெளுத்த வேட்டி கட்டி, என் பக்கத்துக் கோட்டோரமாகவே இடம் பிடித்துவிட்டார். ரெஃப்ரி ஒரு வயசானவர், மரியாதையாக 'முசே' என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், மீசையை முறுக்கி விட்டிருப்பார். எல்லார் காலையும் குனிந்து பார்த்தார். என் பூட்ஸைப் பார்த்து ஒரு கணம் நின்றார், மூக்கைச் சுளித்தார், அடுத்த ஆளிடம் போனார்.

முதல் கொஞ்ச நேரம் நான் ஆடியதைப் போல என் ஆயுசில் ஆடியதில்லை. ரைட் அவுட் வந்தான், பிடித்தேன். மறுபடி வந்தான், மறுபடி பிடித்தேன். அவன் வலது தோளைச் சாய்த்துக் காட்டுவான், இடுப்பு மட்டும் இடது பக்கம் போகும். எனக்கு அது புத்தகம் படிக்கிற மாதிரி தெரிந்தது. அப்பாவுக்கு ஆட்டம் தெரியாது. ஆனால் அவன் வருவதைப் பார்த்ததும் தாங்க முடியாமல் மாட்டுக்குக் குரல் கொடுக்கிற மாதிரி, "பின்னால வா, பின்னால, ஹா, பின்னால!" என்று கத்தினார். ஜனங்கள் சிரித்தார்கள். அவர் சொன்னது சரியான யோசனைதான். நான் பின்னால் போய்த்தான் பிடித்தேன்.

அப்புறம் வலது காலில் என்னவோ நழுவியது. குனிந்து பார்க்க நேரமில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் இடது காலில் நழுவியது. பாதத்தில் சுருக்கென்று குத்தியது. ஓடும்போது பூட்ஸுக்குள்ளிருந்து சளக் சளக் என்று சத்தம் வந்தது. இடைவேளை விசில் ஊதினதும் உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தேன். எண்ணெயும் மழைத்தண்ணீரும் குடித்து அடித்தோல் ஊதிப்போயிருந்தது. அடுக்கி அடித்திருந்த குமிழ்கள் பாதிக்கு மேல் காணோம். கிரவுண்டில் எங்கெங்கோ கழன்று விழுந்திருக்கின்றன. மிச்சம் இருந்தவை ஆடின. அவை இருந்த இடத்திலெல்லாம் ஆணி மட்டும் உள்பக்கம் ஏறி நின்றது.

கோல்கீப்பர் தொட்டுப் பார்த்தான். "டேய், பழைய சோறு மாதிரி ஊறிக் கெடக்குதேடா. இன்னாடா பண்ண?" என்றான். பூட்ஸில் மேல்தோல் ஒன்று, அடித்தோல் ஒன்று. மேல்தோல் குழையணும், அடித்தோல் விறைப்பாகவே இருக்கணும். கவலைத் தோலில் அப்படி மேலும் கிடையாது, அடியும் கிடையாது. அப்பாவுக்கு எப்படித் தெரியும்? எனக்கே அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

ரெஃப்ரியிடம் ஓடினேன். "முசே, இதக் கழட்டிடறேன் முசே. வெறுங்கால்ல ஆடறேன். இந்தா பாருங்க, ரத்தம்." அவர் என் காலைப் பார்த்தார். பாவம், அவர் கெட்டவர் இல்லை. "பூட்ஸ் இல்லாம ஆட வுட முடியாது. கழட்டுனா வெளிய போயிடணும். ரூல் தம்பி, நான் இன்னா செய்ய" என்றார். அந்தக் காலத்தில் நடுவில் ஆள் மாற்றுகிற வழக்கம் கிடையாது. நான் வெளியே போனால் எங்கள் பக்கம் பத்தே பேர். உள்ளே இருந்தால் வழுக்குகிற ஒருத்தன். கிளார்க் குடையைப் பிடித்துக்கொண்டு, "எப்படியாவது நில்லுடா, வுழுந்து கெடந்தாலும் அங்கயே கெட" என்றார். போட்டுக்கொண்டு போனேன்.

ரெண்டாம் பாதியை நான் ஆடினேன் என்று சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் ரத்தம், ஒரு பக்கம் எண்ணெய், கீழே ஈர மண். விழுவேன், எழுவேன். விழுந்த இடத்திலிருந்தே காலை நீட்டித் தட்டிவிடுவேன். தலையால் முட்டினேன், நெஞ்சால் தடுத்தேன். அப்பா பக்கத்தில் நிற்கிறவர்களிடம், "தர சரியில்லீங்க, தரைல கோளாறு" என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது என் காதில் விழுந்தது. எப்படியோ ரெண்டு பக்கமும் கோல் இல்லாமலே ஆட்டம் முடிகிற நேரத்துக்கு வந்துவிட்டது.

கடைசியாக அவன் வந்தான். பந்து அவன் காலில், எனக்கும் அவனுக்கும் நடுவில் யாரும் இல்லை. வலது தோளைச் சாய்த்தான். நான் தோளைப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்த்தேன். இடது பக்கம். சர்வ நிச்சயமாக எனக்குத் தெரியும். அவன் திரும்புவதற்கு முன்னாடியே நான் திரும்பிவிட்டேன். என் உடம்பு மொத்தமும் திரும்பிவிட்டது. கால் ரெண்டும் எனக்குக் கீழே வேறு எங்கேயோ போய்விட்டன. மல்லாந்து விழுந்தேன். எனக்கு வானம் தெரிந்தது. என் தலைக்குப் பக்கத்தில் அவன் ஓடிப்போகிற சத்தம் கேட்டது. அப்புறம் கோல்கீப்பர், "ஐயோ" என்றான். அவன் வேறெதுவும் சொல்லி நான் அன்றைக்குக் கேட்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் கிளார்க் வந்து என் பூட்ஸைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். "எவன்டா இதுக்கு எண்ண ஊத்துனவன்? எந்தக் கேனப்பய செஞ்ச வேலடா இது?"

அப்பா கயிற்றைத் தாண்டி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். "நான்தான் சார்" என்றேன்.

"நீயா? எட்டு ஊருக்குக் கேக்கற மாதிரி உன்ன நிரந்தரம் பண்ணச் சொல்லி வெச்சிருந்தேனேடா. இப்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கினு தொரைகிட்டப் போறது?" என்று பூட்ஸைக் கீழே போட்டுவிட்டுப் போனார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அதற்குள் அப்பா வந்துவிட்டார். குனிந்து பூட்ஸை எடுத்து, வேட்டி நுனியால் சேற்றைத் துடைத்தார்.

"கால் கடிச்சிதாடா?"

"இல்லப்பா. பூ மாதிரி இருந்துச்சி."

"நான் பாத்துக்குனுதான் இருந்தேன். வழுக்கிக்கினே இருந்துச்சே, ஏன் தெரியுமா? பதம் பத்தல. ஒரு வாரம் ஊறுனது போதாது. நான் எடுத்துக்கினு போறேன். அடுத்த ஆட்டத்துக்குள்ள நல்லா ஊறட்டும்" என்றார்.

நான் சரிப்பா என்றேன். அவர் பூட்ஸைத் துண்டில் சுற்றிக்கொண்டு வில்லியனூர் ரோட்டில் இறங்கி நடந்தார்.

எனக்கு அடுத்த ஆட்டம் வரவில்லை. அடுத்த வருஷம் என் இடத்தில் ஒரு படித்த பையனைப் போட்டார்கள், பூட்ஸோடவே பிறந்தவன். நன்றாகவே ஆடினான். அவனைத் திட்டுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று எல்லா ஆட்டத்துக்கும் போய்ப் பார்த்தேன், கிடைக்கவில்லை. மேஸ்திரியின் விரல் மெல்ல மெல்ல என்னை மறந்தது. சில நாள் நீளும், பல நாள் நீளாது. எங்கள் சென்டர் ஃபார்வர்டை மட்டும் எப்படியோ நிரந்தரம் பண்ணிவிட்டார்கள். அவன்தான் அந்த ஃபைனலில் கோல் வாசலில் நின்று ஆகாசத்துக்கு அடித்தவன். சொன்னேனே, இந்த உலகமே ஃபார்வர்டுகளுக்கு.

அறுபத்திரண்டில் கையெழுத்துகளெல்லாம் ஆகி ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்துவிட்டது என்றார்கள். கேட்டுக்கு வெளியே என்னோடு நின்றிருந்த கோல்கீப்பர், "பாத்தியா, ஊரையே நெரந்தரம் பண்ணிட்டானுங்க. நம்மதான் பாக்கி" என்றான். எங்களோடு நின்ற பதிலிகள் எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரி வந்தார், விரலை நீட்டினார், அவனைக் கூப்பிட்டார், இன்னும் சிலரைக் கூப்பிட்டார். கேட்டைச் சாத்தினார்கள். நான் வெளியே நின்றேன்.

அந்தச் சமயத்தில் எதிரே ரோட்டோரமாக அப்பா வருவதைப் பார்த்தேன். மார்க்கெட்டுக்குக் காய் போட வந்தவர், கூடையில் காய் தீர்ந்து ஒரு துண்டு மூட்டை மட்டும் இருந்தது. ஒளிவதற்கு அங்கே ஒரு மரத்தைத் தவிர எதுவும் இல்லை. அவர் என்னைப் பார்த்துவிட்டார். சாத்தின கேட்டைப் பார்த்தார். வெளியே நிற்கிற எங்களைப் பார்த்தார். முகம் கொஞ்சம் குழம்பியது. அப்புறம் தானாகவே தெளிந்தது.

"இன்னாடா, இன்னிக்கு ஆட்டமா? அதான் உள்ள போவலையா?"

"ஆமாம்பா" என்றேன்.

"நல்லவேள. பாரு, எனக்கு என்னமோ தோணுச்சி. இன்னிக்குப் பாத்து இத எடுத்தாந்துருக்கேன்." கூடைக்குள் கையை விட்டுத் துண்டைப் பிரித்தார். பூட்ஸ். அந்த ஆட்டத்திலிருந்து விடாமல் எண்ணெய் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். கண்ணாடி மாதிரி மின்னியது. அடியில் ஒரு குமிழும் இல்லை. ஆணிகளைக்கூடப் பிடுங்கி, அந்த ஓட்டைகளை மெழுகு வைத்து அடைத்திருந்தார். "போட்டுப் பாரு. இப்பதான் பதம் வந்துருக்குது. ஆட்டம் எப்ப? பாத்துட்டே போறேன்."

"சாயங்காலம்தாம்பா. உனக்கு நேரமாவும், நீ கெளம்பு."

"ஆவட்டும். எனக்கு இன்னா வேல? இருக்கறேன்" என்று மரத்தடியில், விரல் நீளாத மற்ற ஆட்களுக்கு நடுவில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் இருந்தவனிடம், "எம்மவன். மில்லுல நெரந்தரம்" என்றார். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். தலையாட்டி வைத்தான், நல்ல மனுஷன்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். காலைத் துடைத்துக்கொண்டு பூட்ஸை மாட்டினேன். அவர் குனிந்து கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். சும்மா சொல்லக் கூடாது, காலுக்கு அப்படியொரு இதமாக இருந்தது.